விக்டோரிய மாளிகைக் காப்பியல்: மூலமும் உரையும்

பாயிரம்

யானையைப் பழக்க நூல் இருக்கிறது. குதிரைக்குச் சுழி பார்க்க நூல் இருக்கிறது. பல்லி விழுந்த பலனுக்குக்கூடப் பஞ்சாங்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கூரை ஒழுக ஒழுக நின்றுகொண்டிருக்கும் விக்டோரிய மாளிகைகள் இடிபடாமல் எப்படித் தப்பின என்பதற்கு மட்டும் யாரும் இலக்கணம் செய்யவில்லை. வரலாறு எழுதினார்கள், சட்டம் எழுதினார்கள், வழவழப்பான தாளில் படப்புத்தகம் போட்டார்கள், சூத்திரம் செய்தாரில்லை. அக்குறை தீர எழுந்தது இந்நூல். மூலமும் அடியேனே, உரையும் அடியேனே. இதில் ஒரு வசதி உண்டு: நூலாசிரியர் கருத்து அதுவன்று என்று உரைகாரனிடம் சண்டைக்கு வர ஆளில்லை.

பாயிரத்தில் கேட்போரையும் பயனையும் சொல்லியாக வேண்டும் என்பது மரபு. கேட்போர், டிக்கெட் வாங்கி மாளிகைக்குள் நுழைபவரும் டிக்கெட் விலையைக் கேட்டுத் திரும்புபவரும். பயன், வீடுபேறு.

வீட்டிலக்கணம்

தூணும் கோபுரமும் தொங்கலும் மிகுந்து
வேண்டா தனவெலாம் வேண்டும் எனக்கொண்டு
அரசி யாண்ட அறுபத்து மூன்றாண்டின்
இடையெழு வீடே இதன்பாற் படுமே.

என் நுதலிற்றோ எனின், விக்டோரிய மாளிகையின் பொது இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. அரசி விக்டோரியா அரியணையில் இருந்தது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்தில் கட்டிய வீடெல்லாம் விக்டோரிய வீடுதானே எனின், அன்று. 'வேண்டாதனவெலாம் வேண்டும் எனக்கொண்டு' என்ற அடையை நோக்குக. மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளி ஒற்றை அறையில் எட்டுப் பேரோடு படுத்த வீடும் அதே அரசி காலத்ததுதான். அதைக் காக்க யாரும் உண்டியல் குலுக்கவில்லை.

இதற்கு இலக்கியம்: நார்தம்பர்லாந்தில் ராத்பரி ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் க்ராக்சைடு. பீரங்கியும் பளுதூக்கியும் செய்து பணம் குவித்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங்குக்காக, நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞர் ஒரு மலைச்சரிவில் பெருக்கிக் கட்டியது. ஆம்ஸ்ட்ராங் தம் நிலத்து ஏரித் தண்ணீரைத் திருப்பி 1878இலேயே வீட்டுக்குள் மின்விளக்கு எரித்தார். 1880இல் ஸ்வான் கண்டுபிடித்த இழை விளக்குகளைப் போட்டார். நூலக அறையில் நான்கு விளக்குகள் எனாமல் பூசிய செப்பு ஜாடிகளின் மேல் நின்றன. சுவிட்ச் வீட்டுக்கு வீடு வந்திராத காலம். ஜாடியின் அடியில் பாதரசம் நிரப்பிய சின்னக் கிண்ணம். ஜாடியை இருந்த இடத்தில் வைத்தால் சுற்று கூடி விளக்கு எரியும், தூக்கினால் அணையும். ராத்திரி விளக்கணைக்க ஜாடி தூக்க வேண்டிய வீட்டை வேறு எந்த இலக்கணத்தில் அடக்குவது?

கட்டிய காசு வந்த வழியையும் இங்கேயே சொல்லிவிடுவோம், பின்னால் மறந்துபோகும். க்ராக்சைடு பீரங்கிக் காசு. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருக்கும் வின்செஸ்டர் வீடு துப்பாக்கிக் காசு. அதே மாநிலத்தின் வடகோடியில் யுரேகா ஊரில் இருக்கும் கார்சன் மாளிகை, ஆயிரம் ஆண்டு நின்ற ரெட்வுட் மரங்களை அறுத்து விற்ற காசு. மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் இருக்கும் விக்டோரியா மாளிகையைக் கட்டிய ரகிள்ஸ் மோர்ஸ், அடிமை முறை நடந்த நியூ ஆர்லியன்ஸில் ஹோட்டல் நடத்தி, அடிமைகளையும் உடைமையாக வைத்திருந்தவர். பிரிஸ்டலுக்கு அருகே உள்ள டின்டெஸ்ஃபீல்டு பறவை எச்சக் காசு. சிரிக்க வேண்டாம். பெரு நாட்டின் சின்ச்சா தீவுகளில் கடற்பறவைகள் நூற்றாண்டுக் கணக்கில் இட்ட எச்சம் குன்றாகக் கிடந்தது. ஐரோப்பிய வயல்களுக்கு அதைவிட உயர்ந்த எரு அப்போது இல்லை. அதை விற்கும் ஒப்பந்தம் கிப்ஸ் குடும்பத்தின் கம்பெனியிடம் இருந்தது. வெட்டி எடுத்தவர்கள் சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் கைதிகளும். கண்ணிலும் நுரையீரலிலும் அந்தத் தூள் ஏறி, தப்ப வழியின்றிப் பலர் அத்தீவிலேயே செத்தார்கள். 2020இல் இங்கிலாந்தின் மரபிடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட், தன் வசமுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் இருந்த தொடர்பை அறிக்கையாக வெளியிட்டபோது, அழகான வீட்டைப் பார்க்க வந்த இடத்தில் இதையெல்லாம் ஏன் சொல்கிறீர்கள் என்று உறுப்பினர் பலர் கோபித்துக்கொண்டார்கள். சுவரைக் காப்பவர் கணக்குப் புத்தகத்தையும் காக்கத்தான் வேண்டும் என்பது இவ்வுரைகாரன் துணிபு.

காப்பு வகை

கஞ்சம் மறதி பேய்மை சங்கம்
ஆசான் அரசென ஆறே காப்பே.

இச்சூத்திரம் மாளிகைகள் பிழைக்கும் வழிகளைத் தொகை கொடுத்து உணர்த்துதல் நுதலிற்று. கலையார்வம், வரலாற்று உணர்வு, பண்பாட்டுப் பற்று முதலியவற்றை ஏன் சொல்லவில்லை எனின், அவை மாளிகை பிழைத்துக்கொண்ட பிறகு விழா மேடைக்கு வருவன, ஆதலின் சொல்லிற்றிலர். கஞ்சத்தை முன் வைத்தது சிறப்பு நோக்கி. அரசை இறுதியில் வைத்தது, அது இறுதியில்தான் வரும் என்பது பற்றி.

கஞ்சக் காப்பு. லண்டன் கென்சிங்டனில் 18, ஸ்டாஃபோர்டு டெரஸ். 'பஞ்ச்' இதழின் கேலிச்சித்திரக்காரர் லின்லி சாம்போர்ன் 1875 முதல் குடியிருந்த வீடு. இது வரிசை வீடாயிற்றே, மாளிகை எப்படி ஆகும் எனின், 'தன்னினம் முடித்தல்' என்னும் உத்தியால் கொள்க. சாம்போர்னுக்குப் பிரபுக்கள் வீட்டு அலங்காரத்தின் மேல் ஆசை. வருமானமோ படத்துக்கு இவ்வளவு என்று கிடைப்பது. முதலில் சுவருக்கு வில்லியம் மாரிஸ் வடிவமைத்த காகிதம் ஒட்டினார். பிறகு, தோல்போலத் தோற்றம் தரும் புடைப்புக் காகிதத்தின் மேல் ஆசை வந்தது. அது விலை கூடுதல். சுவரெல்லாம் இண்டு இடுக்கில்லாமல் படங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றாமல், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் புதுக்காகிதத்தை வெட்டி ஒட்டினார். படத்துக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள்? பல்லாண்டு கழித்துப் படத்தைக் கழற்றிப் பார்த்தவர்கள், மாரிஸ் காகிதம் வெயில் படாமல் பழைய நிறத்தோடு இருக்கக் கண்டார்கள். தாராள மனசுக்காரராக இருந்திருந்தால் அதைச் சுரண்டியல்லவா எறிந்திருப்பார்!

மகன் ராய் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1946இல் சாகும்வரை அந்த வீட்டில் எதையும் மாற்றவும் இல்லை. புதுமருமகள் வந்து திரைச்சீலையை மாற்றும் ஆபத்து ஒரு தலைமுறைக்குத் தள்ளிப்போயிற்று. பேத்தி ஆன், ராஸ் சீமாட்டி ஆனவர், 1957இல் இந்த வீட்டில்தான் நண்பர்களைக் கூட்டினார். கவிஞர் ஜான் பெட்ஜமனும் கட்டடக் கலை வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் பெவ்ஸ்னரும் வந்தார்கள். 1958இல், இத்தகைய கட்டடங்களைக் காக்க விக்டோரியச் சங்கம் பிறந்தது. அந்நாளில் 'விக்டோரிய' என்பதே வசவு. சங்கம் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் யூஸ்டன் ரயில் நிலையத்து வளைவை எத்தனை கெஞ்சியும் கேளாமல் இடித்துத் தள்ளினார்கள்.

மறதிக் காப்பு. கஞ்சக் காப்பின் தம்பி. முன்னது செலவழிக்க மனமில்லாமல் வருவது. இது இருப்பதே நினைவில்லாமல் வருவது. டின்டெஸ்ஃபீல்டே இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. வில்லியம் கிப்ஸ் 1843இல் வாங்கிய வீட்டை 1860களில் ஜான் நார்ட்டனைக் கொண்டு கோதிக் பாணியில் கூர்ங்கோபுரமும் சிற்றுருவங்களுமாகப் பெருக்கிக் கட்டினார். பிறகு ஆர்தர் ப்ளூம்ஃபீல்டு கட்டிய தேவாலயம் ஒன்று பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. தலைமுறைகள் கழிந்தன. கடைசியாக இருந்தவர் இரண்டாம் ராக்சால் பிரபு, பிரம்மச்சாரி. அத்தனை பெரிய வீட்டில் சில அறைகளோடு வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டார். மற்ற அறைகளைப் பூட்டினார். எதையும் தூக்கிப் போடவில்லை. 2001இல் அவர் இறந்தபோது, நான்கு தலைமுறை வாங்கிச் சேர்த்த சாமான் அத்தனையும் அப்படியே கிடந்தது. ராஜா ரவிவர்மா படத்துக்குப் பின்னால் செருகிய ரேஷன் அட்டை முதல் உடைந்த குடைக்கம்பி வரை எல்லாம் சேர்ந்திருக்கும் நம் பாட்டிமார் பரணை நினைத்துக்கொண்டு, அதை அறைக்கு ஒன்றாகப் பெருக்கிப் பார்க்கலாம். ஐஸ் ஸ்கேட், மிருகத்தலை, விளையாட்டுப் பொம்மை, சமையற்கட்டுச் செம்பு என்று பட்டியல் எடுக்கப் போனவர்கள் ஆண்டுக்கணக்கில் எடுத்தார்கள். எண்ணிக்கை பல்லாயிரத்தைத் தாண்டிற்று. இதன் மீதிக் கதை அரசுக் காப்பில் வரும்.

பேய்க் காப்பு. துப்பாக்கிக் கம்பெனி வாரிசின் விதவை சாரா வின்செஸ்டர் 1886இல் சான் ஹோசேயில் ஒரு பண்ணை வீட்டை வாங்கி, பல ஆண்டுகள் அதைக் கட்டிக்கொண்டும் மாற்றிக்கொண்டும் இருந்தார். சுமார் 160 அறைகள். கூரையில் போய் முட்டி நிற்கும் மாடிப்படி உண்டு. மேல்மாடியில் கதவைத் திறந்தால் வெறும் ஆகாசம். துப்பாக்கிக்குப் பலியானவர்களின் ஆவிகளை ஏமாற்றவே இப்படிக் கட்டினார் என்று ஊர் சொல்லும். 1906 பூகம்பத்தில் ஏழு மாடிக் கோபுரம் சரிந்தது. இடிந்த பகுதிகளை அவர் திரும்பக் கட்டவில்லை, ஆகவே அங்கே போன படிகளும் கதவுகளும் அந்தரத்தில் நின்றன என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். சுமார் 2 அங்குல உயரத்தில் வளைந்து வளைந்து போகும் குட்டைப் படிகளும் ஆவிக்காக வைத்தவை அல்ல, அம்மாளுக்கு மூட்டுவாதம்.

ஆனால் மூட்டுவாதத்தைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? அவர் இறந்த மறு ஆண்டு, 1923இல், வீட்டைக் குத்தகைக்கு எடுத்த தம்பதி ஆவிக் கதையோடு கதவைத் திறந்தார்கள். நூறு ஆண்டுகளாக அந்தக் கதைதான் கூரைக்கு ஓடு மாற்றுகிறது, சன்னலுக்குக் கண்ணாடி போடுகிறது. பொய்யும் காக்கும் என்பது இதனாற் பெறப்பட்டது. ஆராய்ச்சியாளர் மெய்யை நிலைநாட்டிவிட்டால் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கடாவுக்கு விடை இந்நூலில் இல்லை.

சங்கக் காப்பு. யுரேகாவின் கார்சன் மாளிகை, மரவியாபாரி வில்லியம் கார்சனுக்காக நியூசம் சகோதரர்கள் வரைந்து, 1884 முதல் 1886 வரை கட்டியது. மரத்தில் என்னென்ன வேலைப்பாடு செய்ய முடியுமோ அத்தனையும் ஒரே வீட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள்: கோபுரம், கூம்பு, தாங்கி, கடைசல் தூண், ஓட்டைப் பின்னல். முன்சொன்ன சூத்திரத்தின் 'தொங்கலும் மிகுந்து' என்ற தொடர் இதைப் பார்த்தே எழுதியது. 1950இல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து 35,000 டாலருக்கு வாங்கி, இங்கோமார் கிளப் என்று தனியார் மனமகிழ் மன்றம் ஆக்கினார்கள். கார்சன் கட்டிய நாடக அரங்கின் பெயர் அது. அந்த அரங்கப் பெயரோ இங்கோமார் என்ற காட்டுமிராண்டித் தலைவனைப் பற்றிய ஒரு நாடகத்திலிருந்து வந்தது. காட்டுமிராண்டி பெயரில் மன்றம், மாளிகைக்கோ ஒரு கீறல் இல்லை. பளபளவென்று பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே விடமாட்டார்கள். தெருவில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். நாட்டின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இதன் பெயர் இல்லை. சொந்தக்காரர் மறுத்தால் தனியார் கட்டடத்தை அதில் ஏற்ற அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. பதிவேட்டில் ஏறிய வீடுகள் பல இடிந்து போயின. ஏறாத இது கல்லுப்போல நிற்கிறது. இவ்வகையைக் குறை சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஆசான் காப்பு. போர்ட்லாந்து மாளிகையை 1858 முதல் 1860 வரை ஹென்றி ஆஸ்டின் என்ற கட்டடக் கலைஞர் பழுப்பு மணற்கல்லில் கட்டினார். உள்ளலங்காரம் முழுவதும் குஸ்தாவ் ஹெர்ட்டர். ஹெர்ட்டர் செய்த உள்ளலங்காரங்களில் முழுசாக மிஞ்சியது இது ஒன்றே. 1894இல் ஒரு ஜவுளிக்கடை முதலாளி வாங்கினார். குடும்பம் வெளியேறி வீடு பூட்டிக் கிடந்தது. 1938 சூறாவளி கூரையைப் பதம் பார்த்தது. இடித்துவிட்டுப் பெட்ரோல் பங்க் போடலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அப்போது ஓய்வு பெற்ற கல்வியாளர் வில்லியம் ஹோம்ஸ் குறுக்கே வந்து, 1940இல் அதை வாங்கி, அடுத்த ஆண்டே அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார். அரசி விக்டோரியாவின் பெயரை வைத்ததும் அவரே. அதற்கு முன் அந்த வீட்டுக்கும் அரசிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓய்வூதிய வயதில் வாத்தியார் ஒருவர் மாளிகை வாங்கினால் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்க. மேலும் ஒரு சங்கடம்: அந்தப் பழுப்புக் கல் ஈரத்தைக் குடித்து, குளிரில் உறைந்து, தகடு தகடாக உதிரும் சாதி. காப்பாற்றிய நாள் முதல் கல்லை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

அரசுக் காப்பு. இது இருவகைப்படும்: காலத்தே வாராதது, காலந்தாழ்த்தி வருவது. காலத்தே வருவது என மூன்றாவது ஒன்று உண்டு என்பாரும் உளர். அவர்க்கு எடுத்துக்காட்டுக் கிடைத்திலது.

முதலாவதற்கு மெண்ட்மோர் டவர்ஸ். கண்ணாடி அரண்மனை (கிரிஸ்டல் பேலஸ்) புகழ் ஜோசப் பாக்ஸ்டன், மேயர் ராத்சைல்டுக்காக 1850களில் பக்கிங்ஹாம்ஷயரில் கட்டியது. 1974இல் அதன் சொந்தக்காரரான ரோஸ்பெரி பிரபு இறந்தார். வாரிசு வரிக்கு ஈடாக வீட்டையும் உள்ளே இருந்த ராத்சைல்டு சேகரிப்பையும் 20 லட்சம் பவுண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாரிசுகள் அரசிடம் கேட்டார்கள். போரில் இறந்தவர் நினைவாக, இத்தகைய இடங்களை வாங்கவென்றே 1946இல் ஒரு நில நிதியம் ஏற்படுத்தி வைத்திருந்தார்கள். கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. மூன்றாண்டு. பிறகு, வேண்டாம் என்றார்கள். 1977இல் சாமான்களை மட்டும் ஏலம் போட்டார்கள்; 60 லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. அந்த ஏலத்தில் வேறொரு ஓவியர் பெயரில் 8,000 பவுண்டுக்குப் போன படம், உண்மையில் ஃப்ரகோனார் வரைந்தது என்று வாங்கியவர் கண்டுகொண்டார். மறு ஆண்டு லண்டன் நேஷனல் கேலரி அதைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிற்று. வீட்டோடு சேர்த்துச் சல்லிசாகக் கிடைத்ததை, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனியாக வாங்கிய பெருமை வேறு எந்த நாட்டுக்கு உண்டு?

காலி வீட்டை நம் மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியான இயக்கம் வாங்கிக்கொண்டது. ராத்சைல்டு விருந்து வைத்த கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். பிறகு கைமாறிற்று; ஹோட்டல் ஆகப்போகிறது என்றார்கள், ஆகவில்லை; 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தில் வெய்ன் மாளிகையாக நடித்தது.

காலந்தாழ்த்தி வருவதற்கும் மெண்ட்மோரே காரணம். அந்த அவமானத்தில்தான் 1980இல் தேசிய மரபு நினைவு நிதியம் பிறந்தது. 2002இல் டின்டெஸ்ஃபீல்டு ஏலத்துக்குப் போகும் நிலை வந்தபோது அந்த நிதியம் 1 கோடியே 74 லட்சம் பவுண்டு கொடுத்தது. நேஷனல் டிரஸ்ட் விடுத்த வேண்டுகோளுக்கு 100 நாளில் பொதுமக்கள் 80 லட்சத்துக்கு மேல் அனுப்பினார்கள். ஆக, ஒரு மாளிகையை இழந்த வெட்கம் இன்னொரு மாளிகையைக் காத்தது. இதனை ஏழாவதாக 'வெட்கக் காப்பு' என வைக்கலாமே எனின், அரசுக்கு அது அடிக்கடி நிகழாமையின் வையாராயினர்.

பூசலியல்

காத்த வீட்டை என்ன செய்வது என்பதில் ஆசிரியர்கள் மாறுபடுவர். பிரான்சின் வியோலே-லெ-டுக் மதம், கட்டடத்தை எக்காலத்திலும் இருந்திராத முழுமைக்குக் கொண்டுபோய் நிறுத்துவதே புதுப்பித்தல் என்பது. இங்கிலாந்தின் ரஸ்கினும் முன்சொன்ன சுவர்க்காகித மாரிஸும் கொண்ட மதம், அது பொய். ஒழுகும் இடத்தை அடை, சாயும் இடத்துக்கு முட்டுக் கொடு, மற்றபடி கையை எடு என்பது. மாரிஸ் 1877இல் இதற்காகவே ஒரு சங்கம் வைத்தார். பழைய தேவாலயங்களைச் சுரண்டிப் புதுசாக்கிய தம் காலத்துக் கட்டடக்காரர்களோடுதான் அவருக்குச் சண்டை. அதே காலத்துக் கட்டடங்களை இன்று அவர் சொன்ன முறைப்படித்தான் காக்கிறார்கள். இரண்டு மதத்தில் எது சரி எனின், கையில் காசு இல்லாத டிரஸ்டுகள் எல்லாம் மாரிஸ் மதம். நன்கொடையாளர் கிடைத்த அன்று வியோலே மதம்.

தொழிலியல்

முள்ளுடைக் காயொன்று முன்வைத் திருப்பின்
அமரா தகல்வது அறிவோர் கடனே.

இச்சூத்திரம் பார்வையாளர்க்கு உரியது. மாளிகைக்கு எதிரி இடியும் மின்னலும் என்று நினைப்போம். பராமரிப்பவர்களைக் கேட்டால் வெயில், ஈரம், பூச்சி, தூசு என்பார்கள். தூசு என்று சொல்லும்போது நம்மைப் பார்ப்பார்கள். நம் உடையிலிருந்து உதிரும் நூல்பிசிர்தான் அதில் பெரும்பங்கு. பட்டுத் திரைக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் ஆகாது. அதனால்தான் நட்டநடுப் பகலில் சன்னல் மறைப்பை இறக்கி வைத்து, நம்மை இருட்டில் தடவவிடுகிறார்கள். போன நிறம் போனதுதான். ஹீட்டர் போடுவதும் நமக்குக் குளிருமே என்று அல்ல. ஈரப்பதம் ஏறினால் புத்தகத்துக்குப் பூஞ்சை வரும். புத்தகத்தை மென்மயிர்த் தூரிகையால் துடைத்து, வலைத்துணி கட்டிய உறிஞ்சு குழாயருகே தூசை ஒதுக்குகிறார்கள். ஒரு நூலகத்துக்கு வாரக்கணக்கில் ஆகும்.

இனி, சூத்திரம் சொன்ன முட்காய்: அது நாற்காலி விஷயம். கயிறு கட்டினால் அறையின் அழகு கெடும், பலகை மாட்டினால் பள்ளிக்கூடம் ஆகிவிடும். ஆகவே நேஷனல் டிரஸ்ட் வீடுகளில் உட்காரக் கூடாத நாற்காலியின் மேல் ஒரு பைன்காயையோ காய்ந்த முட்பூவையோ வைத்துவிடுவார்கள். அது அலங்காரம் என்று எண்ணி, எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காருபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இந்நூலின் கேட்போர் ஆகார். காய் இல்லாத நாற்காலியில் தாராளமாக உட்காரலாம். சந்தேகமானால் பக்கத்தில் நிற்கும் தன்னார்வத் தொண்டரைக் கேளுங்கள், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். கிளம்பும்போது வாசலில் உண்டியல் தென்பட்டால் ஏதேனும் போட்டுவிட்டுப் போங்கள். கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.